துவரை நாற்று: முந்தி முளைத்தால் முந்திக் காய்க்குமா?

நெல்லுக்கு நாற்றங்கால் உண்டு. மிளகாய், கத்தரி, தக்காளிக்கும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகைக்கூட நாற்று விட்டு நடுவார்கள். துவரைக்கு மட்டும் அந்த வழக்கம் இருந்ததில்லை. மழை விழுந்து மண் நனைந்ததும் நிலக்கடலைக்கு ஊடாகவோ தனியாகவோ விதையைப் போடுவார்கள், அது முளைத்த இடத்திலேயே வளர்ந்து காய்க்கும். பயறு வகைச் செடியைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்பது உழவர்களின் நெடுநாள் அனுபவம். அந்த அனுபவத்தில் தவறும் இல்லை.

ஆனாலும் துவரையை நாற்றாக வளர்த்து நடும் முறை இன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் சாகுபடிப் பரிந்துரைகளில் இதற்குத் தனி இடம் தந்திருக்கிறது. நடுவதற்கு 30 முதல் 45 நாட்களுக்கு முன்பே சிறு பாலித்தீன் பைகளில் விதை ஊன்றி, நிழலில் வைத்து நீர் விட்டு வளர்க்கிறார்கள். நல்ல மழை வந்ததும் செடி வயலுக்குப் போகிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. 40 நாள் முன்னதாக முளைத்த துவரை 40 நாள் முன்னதாக அறுவடைக்கு வருவதில்லை. சற்று முந்துகிறது, அவ்வளவுதான். ஆனால் காய் கூடுதலாகப் பிடிக்கிறது. அப்படியென்றால் மிச்ச நாட்கள் எங்கே போயின? செடி காலத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

வெப்பம் என்ற உண்டியல்

செடிக்கு நாட்காட்டி தெரியாது. அது முதலில் கணக்கிடுவது வெப்பத்தை. பிரெஞ்சு அறிஞர் ரியோமர் 1735 வாக்கிலேயே இதைக் கவனித்தார். ஒரு பயிர் முற்றுவதற்குள் ஒவ்வொரு நாளும் பெற்ற வெப்பத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்தக் கூட்டுத்தொகை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்பது அவர் கண்டது. குளிர்ந்த ஆண்டில் பயிர் தாமதிக்கிறது, வெதுவெதுப்பான ஆண்டில் விரைகிறது.

இதை ஓர் உண்டியலாக எண்ணிக்கொள்ளலாம். நாள்தோறும் சில காசுகள் விழுகின்றன. உண்டியல் நிறைந்ததும் செடி அடுத்த கட்டத்துக்குப் போகிறது. ஒவ்வொரு பயிருக்கும் ஓர் அடிப்படை வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எத்தனை டிகிரி இருக்கிறதோ அத்தனை காசுதான் அன்றைய வரவு. இந்தக் காசுக்கு வேளாண் அறிவியலில் வெப்ப அலகு என்று பெயர்.

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பச்சைப் பட்டாணியைக் கண்ணாடிக் கூரையின் கீழ் முன்கூட்டியே முளைக்க வைப்பது இதற்காகத்தான். பட்டாணிக்கு அடிப்படை வெப்பநிலை சுமார் 4 டிகிரி. வெளியே சராசரி 7 டிகிரி இருந்தால் நாளுக்கு மூன்று காசுதான் சேரும். கூரைக்குள் 14 டிகிரி கிடைத்தால் பத்துக் காசு சேரும். ஒரே வாரத்தில் மூன்று வாரச் சேமிப்பு! பிறகு கோடை வெயில் பூவைக் கருக்குமுன் பட்டாணி காய்த்து முடித்துவிடும்.

தருமபுரியில் நிலைமை நேர்மாறு. இங்கே வெப்பத்துக்குப் பஞ்சமில்லை, ஆனி மாதத்தில் உண்டியல் வேகமாகவே நிறையும். ஆகவே இங்கு நாற்றின் மேல் போடும் கூரை வெப்பத்தைச் சேர்ப்பதற்கல்ல, தணிப்பதற்கு. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சாலையோரத்தில் தெரியும் பச்சை நிழல்வலைக் குடில்கள் அதற்குச் சான்று. 2004-05இல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டம், குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி நிழல்வலையின் கீழ் காய்கறி நாற்று வளர்ப்பதை இப்பகுதியில் பரவலாக்கியது.

அந்தக் குழித்தட்டுத் தக்காளிக்கும் துவரைக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தக்காளி பூப்பதற்குப் பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. உண்டியல் நிறைந்தால் பூத்துவிடும். அதனால் தட்டில் கழித்த 25 நாட்கள் வயலில் ஏறக்குறைய அப்படியே மிச்சமாகின்றன. துவரையிடம் இன்னொரு கடிகாரமும் இருக்கிறது.

இரவை அளக்கும் செடி

அமெரிக்க வேளாண் துறையில் பணிபுரிந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிலாக்சி என்ற சோயா மொச்சை ரகத்தை மே முதல் ஆகஸ்ட் வரை பல தவணைகளில் விதைத்துப் பார்த்தார்கள். முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் இடையே நீண்ட இடைவெளி. ஆனால் எல்லாச் செடிகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், செப்டம்பர் மாதத்தில் பூத்தன. முதலில் விதைத்தது பெரிய செடியாகப் பூத்தது, கடைசியில் விதைத்தது குட்டையாக இருக்கும்போதே பூத்தது.

வெப்பமா, ஈரமா, ஊட்டமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்தபின், தொட்டிச் செடிகளை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்தி மறுநாள் காலையில் வெளியே கொண்டுவந்தார்கள். கோடையின் நீண்ட பகலை இப்படிச் செயற்கையாகக் குறுக்கியதும் செடிகள் விரைவிலேயே பூத்தன. பூக்கும் நேரத்தைச் சொன்னது பகலின் நீளம். இந்தப் பண்புக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள், நீளும்போது பூப்பவை நெடும்பகல் தாவரங்கள், இரண்டையும் பொருட்படுத்தாதவை பகல்நடுநிலைத் தாவரங்கள்.

உண்மையில் செடி அளப்பது பகலையா, இரவையா? ஹாம்னர், பானர் இருவரும் 1938இல் இதற்கு விடை தந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் ஊர்த் தரிசு நிலங்களில் முள்ளுக்காயோடு நிற்கும் மருளூமத்தையை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் போதும், அந்தச் செடி பூக்க மறந்துவிட்டது. பகல் நடுவே இருட்டைப் புகுத்தினால் அப்படி எதுவும் நேரவில்லை. ஆக, செடி எண்ணுவது இடையறாத இருளை. அதை எண்ண உதவும் நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பின்னர் பெயரிட்டார்கள்.

துவரையின் மத்திய கால, நீண்ட கால ரகங்கள் குறும்பகல் தாவரங்கள். தருமபுரியில் ஆனி மாதப் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மார்கழியில் அது 11 மணி 25 நிமிடம் வாக்கில் வந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் ஒன்றரை மணிக்கும் குறைவான வேறுபாடுதான், மனிதர் கண்ணுக்கு அது பெரிதாகப் படாது. துவரைக்கு அது போதும். ஆடியில் விதைத்த துவரை ஆளுயரம் வளர்ந்து பூக்கும். அதே ரகத்தைப் புரட்டாசியில் விதைத்தால் இடுப்பளவு வருமுன்னே பூத்துவிடும். பின்பட்டத்தில் துவரையை நெருக்கி விதைக்கச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு செடியும் சிறியதாகவே நின்றுவிடும் என்பது முன்பே தெரிந்த செய்தி.

முதலில் எழுந்த புதிர் இங்கே அவிழ்கிறது. தேர்வு நாள் குறித்தாகிவிட்டது. மாணவர் முன்னதாகப் படிக்கத் தொடங்கினாலும் தேர்வு முன்னதாக வராது, ஆனால் பாடம் கூடுதலாக ஏறும். துவரையும் அப்படித்தான். முன்கூட்டிக் கிடைத்த 40 நாளில் ஒரு சிறு பகுதிதான் பூப்பை முன்னால் தள்ளுகிறது. பெரும்பகுதி தண்டாக, கிளையாக, இலையாக, வேராக மாறுகிறது. கிளை கூடினால் பூங்கொத்து கூடும். துவரைப் பூக்களில் பெரும்பாலானவை காயாகாமல் உதிர்ந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் எத்தனை கொத்து இருக்கிறது என்பது விளைச்சலுக்கு மிக முக்கியம்.

மண்ணின் ஈரம்: மூன்றாவது கடிகாரம்

அறுவடை சற்றே முந்துவதும் சிறிய நன்மையல்ல. தருமபுரி மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரி சுமார் 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளிலும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை கடந்தால் வானம் வெளுத்துவிடும். பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் மண் ஆழமும் குறைவு, தேங்கிய ஈரம் விரைவில் தீரும்.

180 நாள் துவரையை ஆடிக் கடைசியில் விதைத்தால் தை முடியும் வரை அது நிலத்தில் நிற்க வேண்டும். மணி திரளும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. காய் இருக்கும், உள்ளே பருப்பு சூம்பிப்போகும். ஓரிரு வாரம் முந்தினாலே மணி பிடிக்கும் காலம் ஈரம் உள்ள நாட்களுக்குள் வந்துவிடுகிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி சொல்வதும் இதே கணக்கைத்தான். ஆனால் ஆடியில் மழை பொய்த்தால், தேடினாலும் பட்டம் கிடைக்காது. நாற்று முறை அந்த இடத்தில் கைகொடுக்கிறது. வானம் தாமதித்தாலும் செடியின் வயது தாமதிப்பதில்லை.

ஒரு சென்ட்டில் ஒரு ஏக்கர்

மழைக்குக் காத்திராமல் ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தை நனைக்க முடியாது. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சவே 40,000 லிட்டர் வேண்டும். நாற்றுப் பைகளின் கணக்கு வேறு. தனிப்பயிராக நடும்போது ஐந்தடிக்கு மூன்றடி இடைவெளி விடுகிறார்கள், ஏக்கருக்கு ஏறத்தாழ 2,900 செடி. ஊடுபயிர் வைத்தால் ஆறடிக்கு மூன்றடி, அப்போது 2,400 செடி. ஆறு அங்குல உயரம், நான்கு அங்குல அகலம் உள்ள பைகளில் மண் நிரப்பி நெருக்கி அடுக்கினால், 2,900 பைகளுக்கு ஒரு சென்ட் இடம் தாராளம். பை ஒன்றுக்கு நாளுக்கு 50 மில்லி என்று வைத்துக்கொண்டாலும் 145 லிட்டர், பத்துக் குடம் தண்ணீர். கிணறு வற்றிய ஆனியிலும் ஒரு குடும்பம் இதைச் சமாளித்துவிடும்.

விதையும் மிச்சம். பைக்கு இரண்டு விதை ஊன்றினாலும் 5,800 விதைதான். நூறு விதை சுமார் 10 கிராம் என்று பார்த்தால் 600 கிராமுக்குள் அடங்கிவிடும்.

பையில் மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சமபங்காகக் கலந்து நிரப்புகிறார்கள். மண் ஊட்டத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும். மணல் மிகுநீரை வடியவிட்டு வேருக்குக் காற்று தரும். தொழு உரம் இரண்டையும் சமன்செய்யும். பையின் அடிப்பக்கத்தில் துளை இட வேண்டும், நீர் தேங்கினால் துவரை வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

ஊன்றுமுன் விதையை 0.2 விழுக்காடு கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஏழு மணி நேரம் நிழலில் உலர்த்தச் சொல்கிறது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஊறியதும் விதைக்குள் முளைப்புக்கான வேலைகள் தொடங்குகின்றன. வேர் வெளியே நீளுமுன் உலர்த்தி அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி ஈரம் பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை விதைக் கடினப்படுத்துதல் என்பார்கள். பிறகு ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மூடிவிட வேண்டியதுதான்.

பிடுங்கினால் ஏன் பட்டுப்போகிறது?

நெல் நாற்றைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கி நடலாம். நெல்லுக்குத் தண்டின் அடியிலிருந்து கொத்தாக வேர்கள் வரும், பழையது அறுந்தாலும் புதியது விரைவில் தோன்றும். வயலிலும் நீர் நிற்கும். துவரைக்கு ஒரே ஆணிவேர். முளைத்த முதல் வாரங்களில் துவரைச் செடி வளராமல் அப்படியே நிற்பதுபோல் தோன்றும். அந்த நாட்களில் அது மேலே கட்டுவதைவிடக் கீழே தோண்டுவதில்தான் முனைப்பாக இருக்கிறது. வறட்சியில் துவரை தாக்குப்பிடிப்பதும் அந்த ஆழ்வேரால்தான்.

பிடுங்கும்போது ஆணிவேர் அறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு, வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் பஞ்சுபோல் படர்ந்திருக்கும் வேர்த்தூவிகளுடையது. ஒவ்வொன்றும் ஒரே உயிரணுவின் நீட்சி. மண் துகளோடு ஒட்டிக்கிடப்பதால் பிடுங்கிய கணத்திலேயே அறுந்துவிடும். இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு நின்றும் செலவு நிற்காத வீடுபோல, செடி ஒரே நாளில் வாடிவிடுகிறது.

பை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. நடும்போது பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் அப்படியே குழியில் இறக்கினால் வேர்த்தூவிகளுக்குச் செடி இடம் மாறியதே தெரியாது. உழவரின் பழைய அனுபவம் பொய்யாகவில்லை. வேரோடு சேர்த்து மண்ணையும் மாற்றி நட்டுவிடுகிறோம்.

பைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆணிவேர் அடியைத் தொட்டதும் வளைந்து சுற்றத் தொடங்கும். 45 நாளைத் தாண்டி வைத்திருந்தால் வேர் சுருளாகிவிடும். அப்படிச் சுருண்ட வேர் வயலுக்குப் போன பிறகும் ஆழம் தேடிப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மழைக்காகக் காத்திருப்பதற்கும் நாற்றின் வயது எல்லை வகுத்துவிடுகிறது.

வேரோடு பயணிக்கும் துணை

மண்கட்டியில் வேர் மட்டும் இல்லை. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் மணலில் பட்டாணி வளர்த்து ஓர் உண்மையைக் கண்டார்கள். கிருமி நீக்கிய மணலில், தழைச்சத்து தராவிட்டால் பட்டாணி மஞ்சளித்துப் பட்டினி கிடந்தது. வளமான மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் வேரில் முடிச்சுகள் தோன்றின, செடி பச்சையாகி எழுந்தது. அதே நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் பயனில்லை. அப்படியானால் அந்த நீரில் இருந்தது சத்து அல்ல, உயிர். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தரும் ரைசோபியம் வகை நுண்ணுயிரிதான் அது.

துவரைக்கும் அதே துணை வேண்டும். ரைசோபியம் கலந்து ஊன்றிய நாற்று, பையில் இருக்கும்போதே வேர்முடிச்சு போடத் தொடங்கிவிடும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. அந்த நிறம் தெரிந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். வயலுக்குப் போகும் நாற்று இப்படித் தன் உரத் தொழிற்சாலையையும் உடன் கொண்டுபோகிறது.

நிழலிலிருந்து வெயிலுக்கு

தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ தொடக்கத்தில் நல்லது. ஆனால் நிழல் மிகுந்தால் நாற்று மெலிந்து நெட்டையாகும். சிவப்பு ஒளி குறைந்திருப்பதைப் பைட்டோகுரோம் உணர்ந்து, மேலே எட்டிப்பிடிக்கும்படி தண்டை நீட்டிவிடும். இரவை அளக்கும் அதே நிறமிக்கு இன்னொரு வேலை இது. நடவுக்கு முந்தைய நாட்களில் நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்போது இலையின் மேல் மெழுகுப் படலம் தடிக்கும், தண்டு முறுக்கேறும். இதை நாற்றைக் கடினப்படுத்துதல் என்பார்கள். நிழலில் வளர்ந்ததை நேரே ஆடி வெயிலில் நட்டு, ஆடிக்காற்றும் அடித்தால் அரைநாளில் இலை கருகிவிடும்.

ஒரு நுனியைக் கிள்ளினால்

நட்ட 20 முதல் 30 நாட்களுக்குள் செடியின் உச்சியை ஐந்தாறு சென்டிமீட்டர் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். நன்றாக வளரும் செடியின் தலையை ஏன் கிள்ள வேண்டும்?

ஒவ்வோர் இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. அதை உறங்கவைப்பது உச்சிக்குருத்து. திமான், ஸ்கூக் இருவரும் 1930களில் அவரைக்கு உறவான ஒரு மொச்சைச் செடியின் தலையை வெட்டினார்கள். பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டன. வெட்டிய இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை வைத்தபோது, தலை இருப்பதாகவே நினைத்து மொட்டுகள் மறுபடி அடங்கின. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். ஆக்சின் மட்டுமல்ல, உச்சிக்குருத்து சர்க்கரையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதும் ஒரு காரணம் என்று பின்னாளில் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வுகள் காட்டின. கிள்ளியதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது.

ஐந்தடி இடைவெளி விட்டு நட்டதற்குப் பொருள் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான். முன்கூட்டிக் கிடைத்த நாட்களும், கிள்ளியதால் விழித்த மொட்டுகளும், சுற்றிலும் உள்ள வெளிச்சமும் சேர்ந்தால் செடி குடைபோல் விரிகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயன் குறையும். நாற்றைப் பிந்தி நட்டால் கிளைக்க நேரமில்லை. நெருக்கி நட்டால் கிளைக்க இடமில்லை.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

கோ 8, எல்.ஆர்.ஜி. 41 போன்ற 170 - 180 நாள் ரகங்களுக்கு இந்த முறை பொருந்தும். 120 நாளில் முடியும் குறுகிய கால ரகங்கள் பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. குட்டையான அந்தச் செடிகளை நெருக்கி விதைத்தே விளைச்சல் எடுக்கலாம், நாற்றுக்கான உழைப்பு அங்கே மிகை. பை ஒன்று அரைக்கிலோ என்றால் 2,900 பைக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் மண். நிரப்பவும் சுமக்கவும் குழி எடுக்கவும் ஆள் வேண்டும். கிழித்த பைகளைப் பொறுக்கி எடுக்காவிட்டால் நிலம் கெடும். நட்ட அன்று மழையோ உயிர்த்தண்ணீரோ கட்டாயம் வேண்டும்.

ஆகவே முந்தி முளைத்தால் முந்திக் காய்க்குமா என்ற கேள்விக்கு விடை, அந்தப் பயிர் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. வெப்பத்தை மட்டும் எண்ணும் தக்காளி முந்திய நாட்களை நாட்களாகவே திருப்பித் தரும். இரவை எண்ணும் துவரை அவற்றில் கொஞ்சத்தை நாட்களாகவும் பெரும்பகுதியைக் கிளைகளாகவும் தரும். மழையை நம்பிய நிலத்தில் அந்தச் சில நாட்களே மணி திரள்வதற்கும் சூம்புவதற்கும் இடையிலான வேறுபாடு.